வரியைக் குறைக்கக் கேட்கும் முன், ஒரு வரியைச் சேர்க்கக் கேளுங்கள்

நான் எழுதிய முதல் மனு நான்கு பக்கம். மின்சாரக் கார் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மழை இரவில் மூன்று சார்ஜர்கள் உள்ள நிலையம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒன்றின் திரை கறுத்துக் கிடந்தது. இன்னொன்று ஆப்பைப் பதிவிறக்கச் சொன்னது, அங்கே சிக்னல் இல்லை. மூன்றாவதன் முன்னால் ஒரு டீசல் வண்டி நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியில் 4 சதவீதம், பின் இருக்கையில் அம்மா. ஒரு வழியாக வீடு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. படுக்கப் பிடிக்காமல் உட்கார்ந்து எழுதினேன். பூமி வெப்பமாவது, புகையில்லாத நகரம், அடுத்த தலைமுறை, அதிகாரிகளின் அலட்சியம் எல்லாமே அந்த நான்கு பக்கத்தில் இருந்தன.

மூன்று வாரம் கழித்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். “மேடம், நீங்கள் பட்ட சிரமம் புரிகிறது. நான்கு பக்கத்தையும் படித்தேன். ஆனால் எந்த விதியில் எந்த வார்த்தையை நான் மாற்றவேண்டும் என்று எங்கேயும் இல்லையே?”

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் ஆறப்போட்ட பிறகுதான், அந்த மனிதர் எனக்கு இலவசமாக ஒரு பாடம் நடத்தியிருக்கிறார் என்று உறைத்தது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். யாராவது என்னிடம் வந்து ‘கணக்கு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் நானும் அதைத்தானே கேட்பேன்: எந்தப் பக்கம், எந்த வரி?

அதன் பிறகு நானும் இன்னும் சில மின்சாரக் கார்க்காரர்களும் சேர்ந்து பல மனுக்கள் கொடுத்தோம், கருத்துக் கேட்புக் கூட்டங்களில் பேசினோம். சிலது பலித்தது, பலது பலிக்கவில்லை. உங்கள் மாநிலத்திலோ நகரத்திலோ இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, பலித்த வழியை எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கதவு என்று பாருங்கள்

‘மின்சாரக் கார் கொள்கை’ என்ற பெயரில் ஓர் அழகான ஆவணம் பல அரசுகளிடம் இருக்கும். அதில் இலக்குகள் இருக்கும், முன்னுரையில் அமைச்சரின் படம் இருக்கும். உங்கள் அன்றாடத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அது கிடையாது. அடுக்குமாடி பார்க்கிங்கில் சாக்கெட் போட முடியுமா என்பது கட்டட விதிகளில் இருக்கிறது. இரவில் ஒரு யூனிட் என்ன விலை என்பது மின் கட்டண ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவில் இருக்கிறது. சார்ஜர் முன்னால் பெட்ரோல் கார் நின்றால் அபராதம் போடலாமா என்பது உள்ளூர் போக்குவரத்து விதியில். சாலை வரி நிதித்துறையில். நான் முதல் மனுவை அனுப்பியது சுற்றுச்சூழல் துறைக்கு. பாவம், அவர்களிடம் இதில் ஒன்றுமே இல்லை.

ஆகவே குறையை எழுதுவதற்கு முன் அந்தக் குறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. துறையின் வரவேற்பு மேசையில் ‘புகார் யாரிடம் கொடுப்பது’ என்று கேட்காமல், ‘இந்த விதியைத் திருத்தும் கோப்பு யார் மேசையிலிருந்து கிளம்பும்’ என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் முகமே மாறும்.

பலர் தவறவிடும் கதவு ஒன்று இருக்கிறது: டெண்டரும் மானிய நிபந்தனையும். சட்டம் திருத்த ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆனால் அரசுப் பணத்திலோ அரசு நிலத்திலோ சார்ஜர் வைக்க அடுத்த டெண்டர் வரும்போது, அதன் நிபந்தனையில் ஒரு வரி சேர்ப்பதற்குச் சட்டமன்றம் கூடத் தேவையில்லை. அமெரிக்காவில் நெடுஞ்சாலை சார்ஜர்களுக்கு மத்திய அரசு நிதி கொடுத்தபோது, ஒவ்வொரு சார்ஜிங் முனையும் ஆண்டில் 97 சதவீத நேரத்துக்கு மேல் இயங்க வேண்டும் என்று 2023இல் விதி செய்தார்கள். பணம் வேண்டுமென்றால் அந்த வரிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அப்புறம் காலம். வரைவு வெளியாகி, கருத்துச் சொல்ல முப்பது நாள் கொடுத்திருக்கும்போது போவது சரியான முறைதான், ஆனால் சற்றுத் தாமதம். அதற்குள் உள்ளே பலர் பேசி முடித்து, சமரசங்கள் செய்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பாதுகாவலர் உண்டாகியிருப்பார். வரைவு எழுதத் தொடங்கும் முன்னால், கோப்பு வெறுமையாக இருக்கும்போது உங்கள் காகிதம் அதற்குள் போய்விட்டால், எழுதுபவருக்கு நீங்கள் உதவியாளர் ஆகிவிடுவீர்கள். துறையின் ஆண்டுத் திட்டம், ஆணையத்தின் கட்டணத் திருத்த அட்டவணை, நகராட்சியின் கட்டட விதித் திருத்தக் குழு கூடும் தேதிகள், இந்த மூன்றையும் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். உறவினர் கல்யாணத் தேதிகூட மறந்துவிடும், இது மறக்காது.

குறிப்பேடு

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பொதுச் சார்ஜர்கள் பழுதாகிக் கிடக்கின்றன என்று நீங்கள் சொல்வீர்கள். நிறுவனத்தின் பிரதிநிதி எழுந்து, ‘எங்கள் சார்ஜர்கள் 98 சதவீத நேரம் இயங்குகின்றன’ என்று அறிக்கையைக் காட்டுவார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள். அவர்கள் கணக்கில், சார்ஜர் இணையத்தோடு பேசிக்கொண்டிருந்தால் அது இயங்குகிறது. கேபிள் முனை உடைந்திருந்தாலும், அட்டை படிக்கும் கருவி செத்திருந்தாலும், திரையில் எழுத்து தெரியாவிட்டாலும் அது இயங்குகிறதுதான். உங்களுக்கோ காருக்குள் மின்சாரம் ஏறினால்தான் இயங்குகிறது.

இந்த இடைவெளியை மிக நன்றாக அளந்து காட்டியது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் நடந்து, 2022இல் வெளியான ஓர் ஆய்வு. பொது இடத்தில் உள்ள 657 வேகச் சார்ஜிங் இணைப்புகளை நேரில் போய்ச் சோதித்தார்கள். சோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிளக்கைச் செருகி, பணம் கட்டி, இரண்டு நிமிடம் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பது. வேலை செய்தவை 72.5 சதவீதம். நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்ததோ 95 முதல் 98 வரை. அந்த ஒரு எண்ணுக்கு நூறு கோபக் கடிதங்களின் பலம் இருந்தது. நன்றாகக் கவனியுங்கள், அந்தச் சோதனையைச் செய்ய ஆய்வகம் வேண்டாம். கார் வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டும் நம்மிடம் இருக்கின்றன.

எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு முறைக்கும் எழுதுவது இவ்வளவுதான்: தேதி, வந்து சேர்ந்த நேரம், நிலையம், சார்ஜரின் மேல் ஒட்டியிருக்கும் எண், எத்தனை தடவை முயன்றோம், எப்படிப் பணம் கட்டினோம், மின்சாரம் ஏறத் தொடங்கிய நேரம். ஏறவில்லை என்றால் ஏன்: செத்த திரை, பணம் வாங்காதது, உடைந்த முனை, இடத்தை அடைத்து நிற்கும் வண்டி. கூடவே ஒரு படம். அடைத்து நிற்கும் வண்டியைப் படமெடுத்தால் அதன் எண்ணை மறைத்துவிட்டுத்தான் வெளியே கொடுப்போம். ஒரு தனிமனிதரை மாட்டிவிடுவது நம் வேலை கிடையாது.

பலர் செய்யும் தவறு, கோளாறு நடந்தபோது மட்டும் எழுதுவது. ஒழுங்காக வேலை செய்த தடவையையும் கட்டாயம் எழுதுங்கள். செலவை மட்டும் எழுதி வரவை எழுதாத பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். ‘ஆறு தடவை ஏறவில்லை’ என்றால் அதிகாரி ‘எத்தனையில் ஆறு?’ என்பார். என் முதல் மாதக் கணக்கு பத்தொன்பதில் ஆறு. பத்தொன்பது என்று சொல்ல முடிந்ததால்தான் அந்த ஆறுக்கு மதிப்பு.

இன்னொரு தவறு நானே செய்தது. ‘மெதுவாக ஏறுகிறது’ என்று ஐந்து இடத்தில் எழுதியிருந்தேன். எங்கள் குழுவில் மின் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதில் மூன்று முறை என் பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் போனால் பேட்டரியைக் காக்கக் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்ந்த பேட்டரியும் மெதுவாகத்தான் வாங்கும். அவை சார்ஜரின் குற்றம் இல்லை. அந்த மூன்றையும் அடித்துவிட்டோம். எதிர்த் தரப்பு அதைக் கண்டுபிடித்திருந்தால் மீதி எல்லாமும் அதோடு சேர்ந்து போயிருக்கும்.

இன்னொன்று: வந்து சேர்ந்த நேரத்துக்கும் மின்சாரம் ஏறத் தொடங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். எங்களுக்கு எதிர்பாராத ஒன்று தெரிந்தது. முழுதாகச் செத்த சார்ஜரை விட, ஆப்போடும் கடவுச்சொல்லோடும் மல்லுக்கட்டியதில்தான் அதிக நேரம் போயிருந்தது. எங்கள் கோரிக்கையே அதனால் மாறிற்று. ‘அதிகச் சார்ஜர் வையுங்கள்’ என்று தொடங்கியவர்கள், ‘சாதாரண வங்கி அட்டையை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று வந்து நின்றோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் 13 முதல் புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜர்கள் வங்கி அட்டையை வாங்கியாக வேண்டும். உலகத்தில் வேறெங்கோ நடைமுறையில் இருக்கும் விதியைக் கேட்பது எளிது. ‘இது முடியாது’ என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த ஒரு வரி

இப்போது மனு. ‘மின்சாரக் கார்களை ஊக்குவிக்க வேண்டும்’ என்று எழுதினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது. ‘சார்ஜர்களை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும்’ என்பதும் அப்படித்தான். ஒழுங்கு என்றால் என்ன, யார் பார்ப்பது, பார்க்காவிட்டால் என்ன ஆகும்?

நாங்கள் பிறகு எழுதியது இது: “இந்த ஒப்பந்தத்தின் கீழ் நிறுவப்படும் ஒவ்வொரு சார்ஜிங் முனையும், வாகனத்துக்கு மின்சாரம் அளிக்கக்கூடிய நிலையில், மாதத்தின் மொத்த மணிகளில் 97 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், குறைந்தால் அந்த மாதத்துக்கான இயக்க மானியம் வழங்கப்படமாட்டாது.” இதில் ‘வாகனத்துக்கு மின்சாரம் அளிக்கக்கூடிய நிலையில்’ என்ற நான்கு வார்த்தைக்காகத்தான் குறிப்பேடு முழுவதும். இணையத்தோடு பேசிக்கொண்டிருந்தால் போதாது என்று அது சொல்கிறது.

மனுவின் வடிவம்: இன்றைய விதி என்ன சொல்கிறது, எண்ணோடு. அதற்குப் பதில் என்ன இருக்க வேண்டும், முழு வாக்கியமாக. ஏன், குறிப்பேட்டிலிருந்து இரண்டு எண். வேறு எங்கே இருக்கிறது. ஒரே பக்கம். படம், பட்டியல் எல்லாம் பின்னிணைப்பில். பூமி வெப்பமாவதைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம், அது அவர்களுக்கும் தெரியும்.

வரி என்றால் தமிழில் இரண்டு பொருள். மின்சாரக் கார்க்காரர்கள் கூடினால் முதலில் வருவது பண வரிதான்: சாலை வரியைக் குறை, பதிவுக் கட்டணத்தைத் தள்ளு, மானியம் கொடு. நானும் அதைக் கேட்டவள்தான். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. தொடக்கக் காலத்தில் அதுதான் விற்பனையைத் தூக்குகிறது. ஆனால் கொடுத்த கை எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் தன் வரிச் சலுகையை 2015 ஜூலையில் நிறுத்தி, கூடவே மின்சாரக் கார்களுக்கு ஆண்டுக் கட்டணமும் போட்டது. விற்பனை சரிந்து விழுந்தது. ஜெர்மனி 2023 டிசம்பரில் ஏறக்குறைய ஒரே நாள் அவகாசத்தில் வாங்கும் மானியத்தை முடித்தது. அடுத்த ஆண்டு அங்கே முழு மின்சாரக் கார் விற்பனை ஏறத்தாழ 27 சதவீதம் குறைந்தது. பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தால் முதலில் வெட்டுப்படுவது சலுகை. கட்டட விதியில் உட்கார்ந்துவிட்ட எழுத்து வரிக்கு அந்த ஆபத்து குறைவு, அரசுக்குச் செலவும் இல்லை.

கனடாவின் வான்கூவர் நகரத்தைப் பாருங்கள். 2019 தொடக்கத்திலிருந்து, அங்கே புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் குடியிருப்பவர்களுக்கான ஒவ்வொரு பார்க்கிங் இடத்துக்கும் கார் சார்ஜ் செய்ய மின் இணைப்பு இருந்தாக வேண்டும். பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று பேரம் பேசவில்லை, எல்லாவற்றுக்கும். கான்கிரீட் போடும்போதே குழாய் பதித்துவிட்டால் செலவு சொற்பம். கட்டி முடித்த பிறகு தரையை உடைத்துப் போடுவதென்றால் செலவு பல மடங்கு, கூடவே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சண்டை. பழைய கட்டடங்களுக்கு வேறு வரி வேண்டும்: வீட்டுக்காரர் தன் செலவில் முறைப்படி சாக்கெட் போடக் கேட்டால் சங்கம் காரணமில்லாமல் மறுக்க முடியாது என்பது. கலிஃபோர்னியா, நார்வே, ஜெர்மனி ஆகிய இடங்களில் இதற்குச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊரில் ஒரே ஒரு வரிதான் கேட்க முடியும் என்றால் என் ஓட்டு இதற்கு. வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாதவர் மின்சாரக் கார் வாங்கத் தயங்குவார். மானியம் எவ்வளவு கொடுத்தாலும் அந்தத் தயக்கம் போகாது.

சொந்த பார்க்கிங்கே இல்லாமல் தெருவில் நிறுத்துபவர்களுக்கு? ஆம்ஸ்டர்டாமில், தனக்கென இடமில்லாத மின்சாரக் கார்க்காரர் நகரத்திடம் விண்ணப்பித்தால், அருகில் பொதுச் சார்ஜர் இல்லாத பட்சத்தில் நகரமே ஒன்றை நிறுத்தித் தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். கார் இருக்கும் இடத்துக்குக் கம்பம் வருகிறது. எங்கே வைப்பது என்று ஆலோசகர்களைக் கூட்டி ஆராய்வதை விட இது எவ்வளவோ மேல்.

யாரோடு போவது

மின்சாரக் கார் ஆர்வலர்கள் மட்டும் பத்துப் பேர் போனால், பத்துப் பேரும் ஒரே ஆளாகத்தான் தெரிவோம். நல்ல கார், நல்ல வேலை, கொஞ்சம் பெருமை. நாங்கள் பிறகு கூட்டிப் போனது: இரவெல்லாம் ஓட்டும் டாக்ஸிக்காரர் ஒருவர், இன்னும் பெட்ரோல் காரே வைத்திருக்கும், வாங்க ஆசைப்பட்டும் பார்க்கிங்கில் சாக்கெட் கிடைக்காத ஓர் அடுக்குமாடிவாசி, சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண். அந்தப் பெண் பேசியது ஒரு நிமிடம். சார்ஜருக்கு முன்னால் இருக்கும் திண்டு, திரையின் உயரம், கேபிளின் எடை. ஐக்கிய ராச்சியத்தில் 2022இல் இதற்கென்றே தரக்குறிப்பு வெளியானது என்று நான் எழுதிக் கொண்டுபோன காகிதத்தை யாரும் புரட்டவே இல்லை. அவர் பேசியதே போதுமாக இருந்தது. என் அம்மாவை அந்த மழையில் கீழே இறக்க முடியாமல் நின்றேனே, அதே திண்டுதான். எட்டு மாதமாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன், என் மனுவில் அது இல்லை.

கூட்டத்தில் விளையாட்டுக்கும் இடமுண்டு. நார்வேயின் கதை இந்த வட்டாரத்தில் பிரசித்தம். 1989இல் சில சூழலியலாளர்களும் ஆஹா என்ற பாப் குழுவின் இசைக்கலைஞர்கள் இருவரும் மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவைக் கொண்டுவந்து, சுங்கச் சாவடிகளில் கட்டணம் கட்டாமல் ஓட்டினார்கள். அபராதம் சேர்ந்து கார் ஏலத்துக்குப் போனது. திரும்ப வாங்கி மறுபடியும் அதையே செய்தார்கள். 1997இல் மின்சாரக் கார்களுக்குச் சுங்கக் கட்டணம் நீக்கப்பட்டது. 2001இல் விற்பனை வரி போயிற்று, பிறகு பேருந்துத் தடத்தில் ஓட்ட அனுமதி. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் 88.9 சதவீதம் முழு மின்சாரம்.

ஆனால் கதையின் பின்பாதியை ஆர்வலர்கள் சொல்வதில்லை. கார்கள் பெருகப் பெருகப் பேருந்துத் தடங்கள் நெரிந்தன, உள்ளூர் நிர்வாகங்கள் கட்டுப்பாடு போட்டன, சுங்கக் கட்டணமும் பகுதியளவு திரும்ப வந்தது. ஆகவே சலுகை கேட்கும்போது அதன் முடிவுத் தேதியையும் நீங்களே சேர்த்துக் கேளுங்கள்: இத்தனை ஆண்டு வரை, அல்லது புதுக் கார்களில் இத்தனை சதவீதம் மின்சாரம் ஆகும் வரை. நிதித்துறைக்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்று நிமிடம்

கருத்துக் கேட்பில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நிமிடம். எழுதி வைத்துப் படியுங்கள், வெட்கமில்லை. முதல் வாக்கியத்திலேயே விதி எண்ணும் கோரிக்கையும் வந்துவிட வேண்டும். சொந்த அனுபவம் ஒன்றே ஒன்று, அதுவும் இருபது விநாடி. மீதி நேரம் எதிர்வாதங்களுக்கு. அவை எப்போதும் அதே நான்குதான்.

“மின்கட்டமைப்பு தாங்காது.” நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் கார் ஏறத்தாழ 6 முதல் 8 யூனிட் செலவழிக்கும். 7 கிலோவாட் சார்ஜரில் அது ஒரு மணி நேரச் சமாசாரம். கார் இரவில் பத்து மணி நேரம் சும்மா நிற்கிறது. ஆனால் எல்லாரும் மாலை ஏழு மணிக்கு வந்து செருகினால் தெரு மின்மாற்றி திணறும் என்பதும் உண்மை, அதை மறுக்காதீர்கள். அதற்குத்தான் இரவு நேரக் குறைந்த கட்டணம் கேட்கிறோம், அதற்குத்தான் ஒரே இணைப்பை இருபது கார்கள் முறைவைத்துப் பகிரும் கருவியை விதியில் அனுமதிக்கச் சொல்கிறோம் என்று உங்கள் கோரிக்கைக்கே அதைத் திருப்பிவிடுங்கள்.

“அடித்தளத்தில் தீப்பிடித்தால்?” இந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். பேட்டரித் தீயை அணைப்பது கடினம், அணைந்தது மறுபடி பற்றுவதும் உண்டு. இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலைய வாகன நிறுத்தத்தை 2023 அக்டோபரில் அழித்த பெருந்தீயை மின்சாரக் கார்தான் மூட்டியது என்று ஊரெல்லாம் பரவியது, தொடங்கியது ஒரு டீசல் காரில். அதைச் சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். முறையான சாக்கெட்டுக்கு அனுமதி மறுத்தால் மக்கள் மாடியிலிருந்து நீட்டிப்பு வயரைத் தொங்கவிட்டுச் செருகுவார்கள். தீ ஆபத்து அதில்தான். தனி சர்க்யூட், கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவி, உரிமம் பெற்ற மின்பணியாளர், இவை மூன்றும் இருந்தால் அனுமதி என்று வரி எழுதுங்கள் எனக் கேளுங்கள். எங்கள் பகுதியில் ஒரு சங்கத்தின் மனத்தை மாற்றியது இந்த வயர் வாதம்தான். செயலாளர் எழுந்துபோய்த் தன் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

“பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான்.” இதோடு வாதாடாதீர்கள், தோற்பீர்கள். கொஞ்சம் உண்மையும் அதில் இருக்கிறது. வீட்டில் பார்க்கிங் உள்ளவர் வீட்டு மின்கட்டணத்தில் ஏற்றுகிறார். இல்லாதவர் பொதுச் சார்ஜரில் பல மடங்கு கொடுக்கிறார். ஐக்கிய ராச்சியத்தில் பல ஆண்டுகளாக வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீதம், பொதுச் சார்ஜருக்கு 20 சதவீதம் என்று வரிவிகிதமே வேறாக இருந்ததை ஓட்டுநர்கள் எதிர்த்து வந்திருக்கிறார்கள். உங்கள் கோரிக்கை தெருவோரத்தில் நிறுத்துபவருக்கும் பழைய காரை வாங்குபவருக்கும் உதவுவதாக இருந்தால் இந்தக் கேள்விக்கு அதுவே பதில்.

“பெட்ரோல் வரியில்தான் சாலை போடுகிறோம், நீங்கள் என்ன தருகிறீர்கள்?” நியாயமான கேள்வி. நியூசிலாந்து மின்சாரக் கார்களுக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டண விலக்கை 2024 மார்ச்சோடு முடித்துவிட்டது. தரமாட்டோம் என்று நிற்காமல், எப்போதிலிருந்து, எப்படி என்று பேசுங்கள். அதிகாரமில்லாத கை அவசரப்பட்டு வரி போட்டால் நிற்காது என்பதற்கும் சாட்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021இல் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் போட்டது. இரண்டு மின்சாரக் கார் ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். அப்படி வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2023 அக்டோபரில் அந்த நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது. வழக்கு என்பது கடைசி ஆயுதம். எங்களுக்கு அதற்குத் தெம்பும் இல்லை, தேவையும் வரவில்லை.

பேசி முடித்ததும் எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பேச்சு காற்றில் போய்விடும்.

அதன் பிறகு

காத்திருப்பு. இதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சண்டை போடாமல், புதிய மாதத்தின் குறிப்பேட்டு எண்களோடு ஒரு சிறு கடிதம். ‘என்னாயிற்று’ என்று கேட்டு எழுதுவதை விட, ‘இந்த மாதம் இருபத்திரண்டில் ஐந்து’ என்று எழுதினால் அந்தக் காகிதம் கோப்பில் சேர்கிறது. நல்லது நடந்தாலும் எழுதுங்கள். ஒரு நிலையத்தில் மூன்று சார்ஜரும் சரியானபோது நன்றி சொல்லிக் கடிதம் போட்டேன். அதைப் பெற்ற அதிகாரி, தன் பதினோரு வருட வேலையில் வந்த முதல் நன்றிக் கடிதம் என்றார். அதற்குப் பிறகு என் தொலைபேசியை அவர் எடுக்காமல் இருந்ததில்லை.

பதினான்கு மாதம் கழித்து புதிய டெண்டர் நிபந்தனை வெளியானது. குறுக்கும் நெடுக்கும் தேடினேன். இருந்தது, எங்கள் வாக்கியம், ஏறத்தாழ அப்படியே. ‘வாகனத்துக்கு மின்சாரம் அளிக்கக்கூடிய நிலையில்’ கூட இருந்தது. குழுவில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன், வாழ்த்துகள் வரத் தொடங்கிவிட்டன. இரவு மறுபடி ஒருமுறை நிதானமாகப் படித்தபோதுதான் கடைசிப் பகுதி கண்ணில் பட்டது. நாங்கள் எழுதியது: குறைந்தால் மானியம் ‘வழங்கப்படமாட்டாது’. அவர்கள் போட்டிருந்தது: ‘நிறுத்திவைக்கப்படலாம்’.

ஒரு ‘லாம்’. யார் கையில் எப்போது நுழைந்தது என்று தெரியவில்லை. அந்த நிபந்தனையைத் திருத்தக் கேட்கப் பதினைந்து நாள் அவகாசம் இருக்கிறது. மறுநாள் காலை ஒரு பக்கம் எழுதினேன், இந்த முறை ஒரே சொல்லைப் பற்றி. பின்னிணைப்பில் குறிப்பேட்டின் கடைசி ஆறு மாதம். அந்த அதிகாரியைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம், எந்த வரி என்று சொன்னேன்.